சூப்பர்ஹீரோ படம் காமிக்ஸை ஒட்டிப் போகிறதா, விலகிப் போகிறதா: எதை வைத்துச் சொல்வது?

மெரிபேங்க் வாசகி (கேள்வி):

வணக்கம். எங்கள் தமிழ் வகுப்பின் மூத்த பிள்ளைகளுக்கு, 15 முதல் 17 வயதுக்காரர்கள், பள்ளி விடுமுறையில் இரண்டு மணி நேரக் கலந்துரையாடல் வைக்கிறோம். தலைப்பைப் பிள்ளைகளே கேட்டு வாங்கினார்கள்: சூப்பர்ஹீரோ படங்கள் காமிக்ஸில் இருக்கும் ஆளை ஒழுங்காகத் திரைக்குக் கொண்டுவந்திருக்கின்றனவா? "அப்படியே இருக்கு", "கெடுத்துட்டாங்க" என்று ஆளுக்கொரு பக்கம் கத்திவிட்டு எழுந்துபோகாமல், பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எதை எதோடு ஒப்பிடுவது? உடையா, கதையா, குணமா? பிளாக் பேந்தர் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். டர்பனில் அது பாதி நம்ம ஊர்ப் படம். அதில் காமிக்ஸிலிருந்து வந்தது எது, படத்துக்காகச் செய்தது எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லெனேசியா அலமாரி:

அக்கா, முதலில் எந்த ஆண்டுக் காமிக்ஸ் என்று முடிவு பண்ணுங்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவான், அவ்வளவுதான். 1940இல் வந்த பேட்மேன் முதல் இதழில் அவன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் லாரியைச் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் விட்னி எல்ஸ்வொர்த் என்ற ஆசிரியர் பேட்மேன் இனி யாரையும் கொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். "பேட்மேன் கொல்லவே மாட்டான்" என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொன்று இந்த இதழை நீட்டினால் இரண்டு பேருமே சரிதான். அதனால் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இதழின் பெயரையும் ஆண்டையும் பலகையில் எழுதிவிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சம்பவத்தைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். 2013இல் வந்த மேன் ஆஃப் ஸ்டீல் படத்தில் சூப்பர்மேன் ஸாட் என்ற வில்லனின் கழுத்தை முறிக்கிறான். "காமிக்ஸில் இப்படி நடக்காது" என்று அன்றைக்கு ஏகப்பட்ட சண்டை. நடந்திருக்கிறது. ஜான் பைர்ன் எழுதி வரைந்த 1988ஆம் ஆண்டுச் சூப்பர்மேன் 22ஆம் இதழில் தான் பிறந்த கிரிப்டான் கிரகத்துக் குற்றவாளிகள் மூன்று பேரை அவன் பச்சைக் கிரிப்டோனைட் என்ற விஷக்கல்லால் கொல்கிறான். வித்தியாசம் அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. காமிக்ஸில் அந்தக் குற்றவுணர்ச்சி அவன் மனதைக் குலைத்து, கடைசியில் பூமியில் இருக்கத் தகுதியில்லை என்று விண்வெளிக்குத் தன்னைத்தானே நாடுகடத்திக்கொள்கிறான். பல இதழ்கள் அதிலேயே போகின்றன. படத்தில் ஒரு அலறல், காதலி லோயிஸின் தோளில் சாய்தல். அடுத்த காட்சியில் தன்னை வேவு பார்த்த விமானத்தைக் கீழே போட்டுவிட்டு ராணுவத் தளபதியோடு இலகுவாகப் பேசிக்கொண்டிருக்கிறான். செயல் ஒன்றுதான். அதற்கு அவன் கொடுத்த விலை வேறு. அந்த இடத்தில்தான் படம் மூலத்தை விட்டு விலகுகிறது என்பது என் கருத்து.

நான் பார்ப்பது மூன்று விஷயம்: இவன் எதைச் செய்யவே மாட்டான், எதை இழக்கப் பயப்படுகிறான், செய்ததற்கு என்ன விலை கொடுக்கிறான். முழுப் படத்தையும் முழுத் தொடரையும் எடுக்காமல் ஒரு காட்சியையும் ஒரு இதழையும் எடுத்து இந்த மூன்றையும் கேட்டாலே இரண்டு மணி நேரம் போதாது.

வகுப்புக்கு ஏற்றது ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியின் மரணம். 1973 ஜூன் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆம் இதழ், எழுதியவர் ஜெரி கான்வே, வரைந்தவர் கில் கேன். வில்லன் கிரீன் காப்ளின் அவளைப் பாலத்து உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான், ஸ்பைடர்மேன் வலையை வீசிக் காலைப் பிடிக்கிறான். அந்தப் படக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "ஸ்னாப்" என்று ஒரு ஒலிச்சொல். அவனுக்கு அது தெரியாது. காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையோடு பேசிக்கொண்டே மேலே இழுக்கிறான், இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. விழுந்த வேகத்திலேயே செத்துப்போனாள் என்று காப்ளின் கத்துகிறான். ஆனால் கட்டத்தில் இருக்கும் அந்த ஒரு சொல் வேறு மாதிரி சொல்கிறது. 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் குழுவே, வலை சட்டென்று நிறுத்திய அதிர்ச்சிதான் அவள் உயிரை எடுத்தது என்று பதில் எழுதியது. (எழுத்தில் இருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம் மாதிரி. பிள்ளைகள் கட்டாயம் கண்டுபிடித்துக் கேட்பார்கள்.)

2014இல் வந்த தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2 படத்தில் பச்சைக் கோட்டு, ஊதாப் பாவாடை எல்லாம் 1973ஐப் பார்த்துத் தைத்தது. பாலத்துக்குப் பதில் மணிக்கூண்டு. வலையின் நுனி நீட்டிய கை போல விரிந்து போகிறது, பிடித்தும் விடுகிறது, ஆனால் தரைக்கு மிக அருகில். அவள் தலை தரையில் மோதுகிறது. நேரம் போதவில்லை என்ற எண்ணம்தான் பார்ப்பவருக்கு வருகிறது. "என் வலைதான் கொன்றதா" என்ற கேள்வி மங்கிவிடுகிறது. உடை முழுக்க ஒட்டியிருக்கிறது, உள்ளே இருந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். காமிக்ஸின் அந்தக் கடைசிப் பக்கங்களையும் படத்தின் அந்தச் சில நிமிடங்களையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.


கேப் டவுன் நீதிபதி:

அண்ணன் சொன்ன மூன்று கேள்விகளும் நல்லவை. ஆனால் வெளித்தோற்றம் இரண்டாம்பட்சம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். சில பாத்திரங்களுக்கு உடைதான் குணம். ஜட்ஜ் ட்ரெட்டைப் பாருங்கள். 1977இல் 2000 ஏடி இதழில் ஜான் வாக்னரும் கார்லோஸ் எஸ்கெராவும் உருவாக்கிய ஆள், குற்றவாளியைப் பிடிப்பதும் தீர்ப்பளிப்பதும் தானேயான எதிர்காலக் காவலன். அவன் முகத்தை வாசகனுக்குத் தெளிவாகக் காட்டுவதே இல்லை, ஏனென்றால் அவன் ஆளில்லை, சட்டம். 1995 படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மீதிப் படம் முழுக்க முகத்தோடு நடமாடுகிறார். கவசம் போனதும் கூடவே காதல், பழிவாங்கல், சொந்த சோகம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. முகம் இருந்தால் அதற்கு உணர்ச்சி கொடுத்தாக வேண்டும், உணர்ச்சி கொடுத்தால் ட்ரெட் போய்விடுவான்.

2012 படம் இங்கேதான் எடுத்தது, கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும். கார்ல் அர்பன் ஒரு தடவைகூடக் கவசத்தைக் கழற்றவில்லை. கண் தெரியாது, மூக்குக்குக் கீழே மட்டும்தான் முகம். அந்த வாயின் வளைவையும் தாழ்ந்த குரலையும் வைத்தே படத்தை முடிக்கிறார். பக்கத்தில் வரும் ஆண்டர்சன் மனதைப் படிப்பவள் என்பதால் கவசம் அதற்கு இடைஞ்சல் என்று ஒரு வரியில் காரணம் சொல்லி, அவள் முகத்தைக் காட்டுகிறார்கள். பார்வையாளன் பிடித்துக்கொள்ள ஒரு முகம் கிடைத்தது, ட்ரெட்டும் தப்பித்தான். நல்ல தழுவல் என்றால் இந்த மாதிரி வேலை.

அதே படம் தொலைத்ததும் உண்டு. காமிக்ஸில் ட்ரெட்டின் ஊரான மெகா சிட்டி ஒன் கிண்டல் நிறைந்த நகரம். சட்டத்தின் கொடுமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பயப்படுவோம். படத்தில் 200 மாடிக் கட்டடம், போதைப்பொருள், துப்பாக்கி என்று எல்லாம் இறுகிப்போய், அந்தக் கிண்டல் அநேகமாகக் காணாமல் போயிற்று. ஆள் வந்துவிட்டான், ஊர் வரவில்லை.

எக்ஸ்மென் கூட்டத்து வுல்வரினும் அப்படித்தான். காமிக்ஸில் 5 அடி 3 அங்குலம். குள்ளன் என்று எவனாவது அலட்சியமாகப் பார்த்த பிறகுதான் அவன் கையிலிருந்து உலோக நகம் வெளியே வரும். ஹ்யூ ஜாக்மேன் 6 அடிக்கு மேல். நடிப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த அலட்சியத்துக்குத் திரையில் இடமே இல்லை.

ட்ரெட்டை வகுப்பில் போட்டுவிடாதீர்கள் அக்கா. ரத்தம் அதிகம், பிரிட்டனில் 18 சான்றிதழ் வாங்கிய படம். கவசம் போட்ட படம் ஒன்று, போடாத படம் ஒன்று, இரண்டையும் சுவரில் ஒட்டிப் பேசினால் போதும்.


மெரிபேங்க் வாசகி:

இருவருக்கும் நன்றி. க்வென் காட்சியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பையன் கேட்கிறான்: கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்த படம்தானே மிகவும் ஒட்டிய படம், வாட்ச்மென் மாதிரி? அவனுக்கு என்ன சொல்வது? பிளாக் பேந்தரை இன்னும் யாரும் தொடவில்லையே.


லெனேசியா அலமாரி:

வாட்ச்மென் 18 வயதுக்குக் கீழே வேண்டாம். பதிலை மட்டும் சொல்லிவிடுங்கள். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986, 87இல் 12 இதழாகச் செய்தது, 2009இல் படம். பல காட்சிகள் கட்டத்தை அப்படியே பெயர்த்தவைதான். ஆனால் காமிக்ஸின் பெரும்பகுதி ஒரு பக்கத்துக்கு ஒன்பது சம கட்டங்கள். சண்டையும் அதே அளவுக் கட்டத்தில், நின்ற படமாக, அசிங்கமாக வரும். முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பவர்களிடம் ஏதோ கோளாறு என்பதுதான் அந்தப் புத்தகமே. படமோ அதே அடியை வேகம் குறைத்து, அழகாக்கி, ரசிக்க வைக்கிறது. முடிவில் ராட்சத ஆக்டோபஸ் போன்ற ஜந்துவை எடுத்துவிட்டு, பழியை டாக்டர் மன்ஹாட்டன் என்ற அதிசக்தி வீரன் மேல் போட்டதைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த மாற்றம் கதைக்குள் ஒழுங்காகவே உட்கார்ந்தது. கெட்டது சண்டையின் வேகத்தில். கட்டத்தை நகலெடுக்கலாம், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கண் போகும் வேகத்தை நகலெடுக்க முடியாது.


மாரிட்ஸ்பர்க் மாமி:

பிளாக் பேந்தரை நான் சொல்கிறேன் கண்ணு. நம்ம நாட்டோடு அந்தப் பாத்திரத்துக்கு இருக்கும் உறவு படத்தைவிடக் காமிக்ஸில் இன்னும் நேரடியானது, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

பாத்திரம் வந்தது 1966 ஜூலை தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52ஆம் இதழில், ஸ்டான் லீ, ஜாக் கெர்பி கையால். 2018 படம் ஒரு தொடரிலிருந்து வரவில்லை, குறைந்தது மூன்று காலகட்டத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. டான் மெக்ரெகர் 1973 முதல் ஜங்கிள் ஆக்‌ஷன் இதழ்களில் எழுதிய "பேந்தர்ஸ் ரேஜ்" கதையிலிருந்து வில்லன் கில்மாங்கரும், பிளாக் பேந்தரான அரசன் டி'சல்லாவை அவன் தூக்கி எறியும் அருவியும். கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1998இல் தொடங்கிய தொடரிலிருந்து டோரா மிலாஜே என்ற பெண் மெய்க்காவலர்கள். ரெஜினால்ட் ஹட்லின் 2005இல் எழுதியதிலிருந்து தங்கை ஷூரி.

பொறுக்கிய ஒவ்வொன்றையும் திருத்தியிருக்கிறார்கள், அந்தத் திருத்தத்தைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிரீஸ்டின் தொடரில் டோரா மிலாஜே அரசனின் வருங்கால மனைவிகளாக வைக்கப்பட்ட பெண்கள். அவனோடு ஹௌசா என்ற மேற்கு ஆப்பிரிக்க மொழியில் மட்டும் பேசுவார்கள். அவர்களில் ஒருத்தியான நாக்கியா அவன் மேல் பித்துப் பிடித்து, பிறகு மாலிஸ் என்ற வில்லியாகவே ஆகிவிடுவாள். படத்தில் மனைவி விஷயம் சுத்தமாக இல்லை, அவர்கள் நாட்டின் படைவீரர்கள். நாக்கியா தனக்கென்று கொள்கை உள்ள உளவாளி. மூலத்தை விட்டு இவ்வளவு தூரம் போனதால் பாத்திரம் மேலேறியது என்று நான் துணிந்து சொல்வேன்.

ஹௌசா போய் ஹோசா வந்ததற்கு நம்ம நாட்டு நடிகர் ஜான் கானி காரணம். 2016இல் வந்த சிவில் வார் படத்தில் டி'சல்லாவின் அப்பா டி'சாக்காவாக நடித்தபோது, மகனோடு தன் தாய்மொழியில் பேசலாமே என்று அவர் சொன்ன யோசனைதான் பிறகு டி'சல்லாவின் நாடான வகாண்டாவின் மொழியாயிற்று. ஹோசா ஈஸ்டர்ன் கேப்பின் மொழி, படத்தின் வகாண்டாவோ கிழக்கு ஆப்பிரிக்காவில். பூகோளப்படி பொருந்தாது. ஆனால் கற்பனை மொழியைப் போட்டு உளறவிடாமல், உயிரோடு புழங்கும் மொழியைப் போட்டதால் அந்த அரசவைக்கே ஒரு எடை வந்தது. நம்ம பிள்ளைகள் பள்ளியில் ஹோசாவுக்கு நெருங்கிய ஸூலுவைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஹோசா வசனத்தில் பாதியைக் காதாலேயே பிடித்துவிடுவார்கள். அரசி ரமோண்டாவின் அகன்ற வட்டத் தொப்பியும் ஸூலு மணமான பெண்கள் அணியும் இசிக்கோலோவைப் பார்த்துச் செய்தது, முப்பரிமாண அச்சில் வார்த்தது. உடையமைப்பாளர் ரூத் கார்டருக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது.

இப்போது ரமோண்டா. படத்தில் அவள் டி'சல்லாவைப் பெற்ற தாய். காமிக்ஸில் பெற்றவள் வேறு, பிரசவத்திலேயே இறந்துபோனாள். ரமோண்டா வளர்த்த தாய், அதுவும் தென்னாப்பிரிக்கப் பெண். மெக்ரெகர் எழுதி ஜீன் கோலன் வரைந்த "பேந்தர்ஸ் குவெஸ்ட்" 1989இல் மார்வெல் காமிக்ஸ் பிரசென்ட்ஸ் 13 முதல் 37 வரையான இதழ்களில் வந்தது, 25 அத்தியாயம், ஒவ்வொன்றும் எட்டுப் பக்கம். ஒரு வெள்ளைக்கார நீதிபதி அவளைப் பல ஆண்டு வீட்டுக்குள் அடைத்துவைத்திருக்க, அவளைத் தேடி டி'சல்லா இனஒதுக்கல் கால தென்னாப்பிரிக்காவுக்குள் வருகிறான். மண்டேலா சிறையில் இருந்த காலத்தில் வெளிவந்த கதை அது! படங்களில் இதன் நிழல்கூடக் கிடையாது. அரசனாக இல்லாமல் கறுப்பன் என்று நடத்தப்படும் டி'சல்லாவைப் பார்க்க வேண்டுமானால் இதுதான். தனிப் புத்தகமாகவும் வந்திருக்கிறது. வன்முறை கடுமையானது, நீங்கள் முதலில் படித்து எட்டுப் பக்க அத்தியாயம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

லெனேசியா தம்பி சொன்ன மூன்று கேள்வியையும் கில்மாங்கர் முடிவில் வைத்துப் பாருங்கள். காமிக்ஸில் டி'சல்லா அவனை வெல்லவில்லை. அருவி ஓரத்தில் கந்து என்ற சிறுவன் மோதித் தள்ளித்தான் கில்மாங்கர் விழுகிறான், அரசனைக் குடிமகன் காப்பாற்றுகிறான். படத்தில் டி'சல்லாவே அவனைக் குத்தி வீழ்த்தி, பிறகு பிழைக்க வைக்கிறேன் என்கிறான், கில்மாங்கர் மறுக்கிறான். காமிக்ஸில் இவர்கள் உறவினர் கிடையாது. படத்தில் சித்தப்பா மகன், டி'சாக்கா கொன்ற தம்பியின் பிள்ளை. அதனால் காமிக்ஸில் இருந்த "இந்த அரசன் ஊரை விட்டுவிட்டு எங்கே போனான்" என்ற குற்றச்சாட்டு, படத்தில் "உன் அப்பன் என் அப்பனுக்கு என்ன செய்தான்" என்று மாறிவிட்டது. எனக்கு முதல் கேள்விதான் கனமாகப் படுகிறது. ஆனால் இரண்டு மணி நேரப் படத்தில் இரத்த உறவு சீக்கிரம் ஏறும் என்பதும் புரிகிறது.


பீனிக்ஸ் தம்பி:

ஒரு எச்சரிக்கை மட்டும். எது எதிலிருந்து வந்தது என்று தேதியைப் பார்க்காமல் சொல்லாதீர்கள். கிரிப்டோனைட் முதலில் வந்தது 1943இல் வானொலி நாடகத்தில், காமிக்ஸுக்கு 1949இல்தான். 2002 ஸ்பைடர்மேன் படத்தில் வலை மணிக்கட்டிலிருந்தே வந்தது, மூலத்தில் அது அவன் செய்த கருவி. அதை மீறல் என்று திட்டினார்கள், 2004இல் காமிக்ஸே கொஞ்ச காலம் உடம்பு வலைக்கு மாறியது. 2002 அல்டிமேட்ஸ் காமிக்ஸில் உளவுத் தலைவன் நிக் ஃப்யூரியைச் சாமுவேல் ஜாக்சன் முகத்தை வைத்து வரைந்தார்கள், அவர் திரையில் வந்தது 2008இல். படத்துக்குப் பிறகு வந்த இதழைக் காட்டி "பார், ஒட்டித்தான் இருக்கிறது" என்று யாராவது வாதாடினால் விடாதீர்கள்.

சில மாற்றத்துக்குக் காரணம் வெறும் கதைக் கணக்குதான். 2006 சிவில் வார் காமிக்ஸின் சண்டை முகமூடிக்குள் இருப்பது யார் என்று அரசிடம் பதிவு செய்வதைப் பற்றியது. 2016 படத்தில் அது எடுபடாது, டோனி ஸ்டார்க் 2008லேயே நான்தான் அயர்ன்மேன் என்று மேடையில் சொல்லிவிட்டான். அதனால் ஐ.நா. கட்டுப்பாடு என்று மாற்றினார்கள். ஜோகன்னஸ்பர்க் தெருவில் ஹல்க்கும் அயர்ன்மேனும் மோதும் 2015 அல்ட்ரான் படத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. காமிக்ஸில் அல்ட்ரான் என்ற ரோபோவைச் செய்தது விஞ்ஞானி ஹாங்க் பிம், படத்தில் ஸ்டார்க்கும், ஹல்க்காக மாறும் பேனரும். பிம் வரும் ஆன்ட்மேன் படம் அதற்குப் பிறகுதான் வந்தது.


லெனேசியா அலமாரி:

மாமி சொன்ன பேந்தர்ஸ் குவெஸ்ட் இருந்தால் சாவகாசமாக இரண்டாம் வகுப்பே வைக்கலாம். முதல் நாளுக்கு நேரத்தை இப்படி வையுங்கள் அக்கா. படத்தை முதலில் போடாதீர்கள். போட்டால் நடிகர் முகம் மனதில் ஒட்டிக்கொண்டு, காமிக்ஸைப் படிக்கும்போதும் அதே முகம் வரும். முதல் 20 நிமிடம் க்வென் பக்கங்களை மௌனமாகப் படிக்கட்டும், இரண்டு பேருக்கு ஒரு பிரதி. பத்து நிமிடம் ஆளாளுக்கு மூன்று கேள்விக்கும் ஒரு வரி எழுதட்டும், யாரிடமும் பேசாமல். அப்புறம் படக் காட்சி, சத்தம் இல்லாமல் ஒரு தடவை, சத்தத்தோடு ஒரு தடவை. காமிக்ஸுக்கு இசை கிடையாது, படத்தில் பாதிச் சோகத்தை இசைதான் செய்கிறது, சத்தத்தை நிறுத்தினால் எது எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும். எழுதின வரியைத் திருத்த ஐந்து நிமிடம், பிறகு 25 நிமிடம் பேச்சு.

இடைவேளைக்குப் பிறகு கில்மாங்கர் முடிவு, அதே வரிசையில், நேரத்தை மட்டும் சுருக்கி. ஜங்கிள் ஆக்‌ஷன் 17ஆம் இதழைத் தேடி வையுங்கள், கந்து வருவது அதில்தான். பழைய இதழில் எழுத்து நெருக்கம், ஒரு பக்கத்தில் அவ்வளவு வசனம், கைப்பேசித் திரையில் படிக்க முடியாது. ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுங்கள் அல்லது டேப்லெட் கொண்டுவரச் சொல்லுங்கள். மின்சாரம் போனாலும் தடைப்படாமல் இருக்க, படக் காட்சிகளை மடிக்கணினியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.